எத்தனை கிலோ?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தால் மரக்காணம் உப்பளங்களைக் கடந்திருப்பீர்கள். அவசரத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்துங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒன்று வெள்ளி, பக்கத்துப் பாத்தி ஈயம், அடுத்தது அப்படியே வானம். நீங்கள் நாலடி நடந்தால் மூன்றும் இடம் மாறிவிடும். (அந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க உப்பு வாருகிறவர்களின் கண் என்ன ஆகும் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

அதே கண்கூச்சத்தோடு தெற்கே ஆரோவில்லுக்குப் போனேன். மாத்ரி மந்திர். பார்வையாளர் மேடையில் பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: “எத்தனை கிலோ தங்கம் இருக்கும் தம்பி?”

பி.காம். படித்த எனக்கும் முதலில் அந்தக் கணக்குதான் ஓடியது. ஆனால் நாம் பார்ப்பது தங்கமே இல்லை சார், கண்ணாடி!

36 மீட்டர் விட்டம், 29 மீட்டர் உயரமுள்ள உருண்டை. அதன் மேல் 1,400க்கும் அதிகமான தட்டுகள். எவர்சில்வர் தட்டின் மேல் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொரு சில்லிலும் இரண்டு கண்ணாடிக்கு நடுவே தங்க ரேக்கு. ரேக்கு, ஊதினால் பறக்கிற சமாச்சாரம். வெளியே ஒட்டினால் மழையும் மணலும் தேய்த்துவிடும். கண்ணாடிதான் காப்பாற்றுகிறது. இத்தாலியில் ராவென்னா தேவாலயங்களில் 6-ம் நூற்றாண்டிலேயே செய்த வித்தை இது. அங்கே சில்லுகளை வேண்டுமென்றே கோணலாகப் பதித்தார்கள். நடக்க நடக்கச் சுவர் மின்னும்.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் அந்தக் கோணலைத் தட்டுகளுக்கே கொடுத்துவிட்டார். சில தட்டுகள் புடைத்திருக்கும், சில குழிந்திருக்கும். ஒன்று எரியும்போது இன்னொன்று அணையும். 1971-ல் அடிக்கல் நாட்டி 2008-ல் முடிந்த கட்டடம். பல வருடம் கான்கிரீட் எலும்புக்கூடாகவே நின்றது. முடிந்த அதே 2008-ல்தான் ஆங்கர் இறந்தார். புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. ஆரோவில்காரர்களோடு சேர்ந்து அந்த உருண்டையை எழுப்பிய சுற்றுக் கிராமத்து ஆட்களின் பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை.

என் சண்டை கட்டடத்தோடு இல்லை, அதை நமக்குக் காட்டுகிற விதத்தோடு. மொசைக் என்பது நடந்துகொண்டே பார்க்க வேண்டிய கலை. நம்மை ஒரே மேடையில், தூரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து சில்லும் தெரியாது, சில்லுக்கு நடுவே இருக்கிற கோடும் தெரியாது. பெரிய லட்டு மாதிரி இருக்கிறது. போட்டோவில் இன்னும் லட்டு. முன்பதிவு செய்து உள்ளே போகிறவர்களோ தியானத்துக்குப் போகிறவர்கள்; சுவரை ரசிக்க அவர்களுக்கு ஏது நேரம்? தியான இடம், கூட்டம் கூடாது என்கிற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு தட்டைக் கழற்றி, கையெட்டும் தூரத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மேடையிலேயே பத்தடி இடது, பத்தடி வலது நடந்து பார்த்தேன். கீழ் வரிசையில் ஒரு தட்டு பளிச்சென்று எரிந்து அணைந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் நடந்தார். நின்றார். திரும்ப நடந்தார்.

“நம்ம உப்பளம் மாதிரியே இருக்கு தம்பி” என்றார். மரக்காணத்துக்காரராம்.