திருத்துருத்திப் பதிகத்தில் ஊறு

காவிரிக்கரையிலுள்ள குத்தாலம் தேவாரத்தில் திருத்துருத்தி எனப்படுகிறது. சுந்தரரின் உடற்பிணி நீங்கிய தலமாகப் பெரியபுராணம் இதனைக் குறிக்கிறது. ஏழாம் திருமுறையின் 74ஆம் பதிகம் இத்தலத்தையும் திருவேள்விக்குடியையும் சேர்த்துப் பாடுவது. அற்புதச் செய்திக்குச் சான்று என்ற அளவில் மட்டும் இதனைப் படித்தால், ஊறு என்னும் புலன் இதில் பெறும் இடம் தெரியாமலே போய்விடும்.

சேக்கிழார் சொல்லும் வரிசை கருதத்தக்கது. சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவைப் பிழைத்து ஒற்றியூரை நீங்கிய சுந்தரர் பார்வை இழக்கிறார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெறுகிறார். துருத்தி இவ்விரு கண்களுக்கும் இடையில் வருகிறது. பாதிப் பார்வையோடு வந்தவருக்கு இங்கே தேறுவது மேனி.

பதிகத்தின் காவிரிக்குக் கைகள் உண்டு. அது கரையை மோதுகிறது, மரங்களோடு பொருகிறது, மாங்கனியையும் வாழைக்கனியையும் வருடுகிறது, ஆடுவாரின் கண்மையைக் கழுவுகிறது. கண்ணும் இங்கே நீர் தீண்டும் ஓர் உறுப்பே. தேவார ஆற்று வருணனைகளில் இவை பொதுமரபு என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. யானைக்கொம்பும் சந்தனமும் அகிலும் பிற பதிகங்களிலும் மிதந்து வருபவைதாம். ஆனால், இங்கே ஆறு பாயும் பாடல்கள் பிணியோ பழவினையோ அற்றதைச் சொல்லி முடிகின்றன. நீரின் தீண்டலும் உடலின் நோயும் ஒரே பாடலுக்குள் அடுத்தடுத்து நிற்பதால், மரபுத்தொடர் புதுப்பொருள் கொள்கிறது. கருங்கடலைக் காண்பதே ஆற்றின் கருத்து என்று இருமுறை வருவதும் தற்செயலன்று எனலாம். தொட்டுத் தொட்டுச் செல்லும் ஆறு, காண்பதற்காகவே விரைகிறது.

தமிழ்ச்சொல்லும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும்போது முதலில் வைப்பது உற்றறிவை. அந்த 'உறு' என்னும் வினையே நோய் உறுதலுக்கும் உரியது. 'ஊறு' தொடுகையையும் குறிக்கும், கேட்டையும் குறிக்கும். தன்னை உற்ற நோயைப் பாடும் கவிஞர் இவ்விரு பொருளையும் ஒருசேர ஆள்கிறார்.

சேக்கிழாரிடம் இந்நிகழ்ச்சி காட்சியாக மாறுகிறது. வடகுளத்தில் மூழ்கியதும் சுந்தரர் மணியொளி பொருந்திய மேனியராகிறார், கண்டவர் வியக்கின்றனர். காப்பியத்துக்குச் சாட்சிகள் வேண்டும். ஆகவே ஒளியும் வேண்டும். பதிகத்திலோ குளமும் இல்லை, மேனியின் ஒளியும் இல்லை, வியப்போரும் இல்லை. பாடுமாறு அறியேன், சொல்லுமாறு அறியேன் என்ற தடுமாற்றமே உள்ளது. பயன்கூறும் இறுதிப் பாடலும் இப்பாடலைக் கையால் தொழுது நாவின்மேல் கொள்வோரையே பேசுகிறது, கண்ணை அழைக்கவில்லை.