காரணம் அறியா நோவும் இலக்கிய வாசிப்பும்

நோய் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. ஆயினும் எந்த நோய் இலக்கியத்தில் இடம்பெறுகிறது, எந்த நோய் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது என்னும் வினா நம்மிடையே போதிய அளவு எழுப்பப்படவில்லை. மாதவிடாய் ஓயும் பருவத்திற் பெண்ணொருத்தியின் சிறுநீர்ப்பையில் தோன்றி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடித்து, எச்சோதனையிலும் புலப்படாது நிற்கும் நோவினை எவ்விலக்கியத்தில் தேடுவது? நாணத்திற்குரிய உறுப்பு, பேசப்படாத பருவம், காரணம் தெரியாத நோவு என்னும் மூன்றும் இங்கு ஒருங்கு கூடுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் ஏன் மறைக்கப்பட்டன என்பது எளிதில் விளங்குவது. மூன்றாவது, நமது வாசிப்பு முறையையே ஐயத்துக்குள்ளாக்குவது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோவின் இயல்பைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் தகும். மாதவிடாய் ஓயுங்காலத்தில் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் குறைகிறது. சிறுநீர்வழியிலும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியிலும் இவ்வோமோனுக்குரிய வாங்கிகள் உள்ளமையால், அது குறையும்போது அப்பகுதியின் மேலணி மெலிகிறது. எரிவும், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதும், மீள மீளத் தொற்று ஏற்படுவதும் அதன் விளைவுகள். இவற்றுட் பலவற்றிற்கு அவ்விடத்தில் இடப்படும் ஈஸ்திரோஜன் மருந்து பயன் தருகிறது. இது விளக்கப்பட்ட பகுதி. விளக்கப்படாத பகுதி வேறு. சிறுநீரிற் பற்றீரியா இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை. ஆயினும் பை நிறைய நிறைய நோவு ஏறுகிறது. கழித்தபின் சற்றுத் தணிந்து மீண்டும் தொடங்குகிறது. இரவிற் பலமுறை எழவேண்டியுள்ளது. பஸ்ஸிற் செல்வதும், வகுப்பிற் பாடம் நடத்துவதும், கோயில் திருவிழாவில் நிற்பதும் மலசலகூடம் எங்குள்ளது என்பதைப் பொறுத்தனவாகின்றன. எடுத்த கொழுந்தின் நிறையை வைத்துக் கூலி கணிக்கப்படும் தோட்டத்துப் பெண்ணுக்கோ இந்நோவு நேரடியாக வருமான இழப்பாகிறது. இதனை உறுதிப்படுத்தும் தனிச்சோதனை எதுவுமில்லை. பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கியே மருத்துவர் இம்முடிவுக்கு வருவர்.

இந்நோவிற்கு மருத்துவம் இட்ட பெயர்களின் வரலாறு இலக்கிய மாணவரும் கருத்தூன்றி வாசிக்கத்தக்கது. 1887 இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாந்தர் ஸ்கீன் இதனைச் சிறுநீர்ப்பைச் சுவரின் இடையிழைய அழற்சி எனப் பெயரிட்டார். 1915 இல் பால்ற்றிமோர் நகரைச் சேர்ந்த கை ஹன்னர் அச்சுவரிலே தாம் கண்ட புண்ணினை விவரித்தார். அப்புண் எளிதில் அகப்படாதது என்பதை அவர் இட்ட பெயரே ஒப்புக்கொண்டது. நோயாளரிற் பெரும்பாலாரிடத்து அப்புண் காணப்படுவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, நோவின் மூலத்தைப் பெண்ணின் மனக்குழப்பத்திலும் அடக்கிவைத்த பகையுணர்விலும் தேடிய மருத்துவ எழுத்துக்கள் வெளிவந்தன. 1987 இல் அமெரிக்காவில் ஆய்வுத் தேவைக்கென அளவுகோல்கள் வகுக்கப்பட்டன; அவற்றை இறுக்கமாகக் கையாளின், அனுபவமிக்க மருத்துவர் நோயாளரெனக் கருதியோருட் பாதிக்கு மேற்பட்டோர் புறத்தே நிற்க நேரும் என்பது 1999 இல் வெளிப்பட்டது. 2008 இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று சிறுநீர்ப்பை நோவுக் கூட்டறிகுறி என்னும் பெயரை முன்மொழிந்தது. முந்திய பெயர் அழற்சியைக் காரணமாக அறிந்ததுபோற் காட்டிக்கொண்டது. பிந்திய பெயர் நோவு உண்டு என்பதை மாத்திரம் கூறி நிற்கிறது. அறியாமையை ஒப்புக்கொண்ட பெயரே நோயாளரை உள்ளே அழைத்த பெயராயிற்று என்பது கருதத்தக்கது.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு நமது இலக்கியத்துக்கு வருவோம். சங்க அகப்பாடல்களில் நோய் என்னும் சொல் பெரும்பாலும் காதற்றுயரைக் குறிக்கிறது. தலைவியின் மேனியிற் பசலை படர்கிறது, தோள் மெலிகிறது, வளை நெகிழ்கிறது. இவை யாவும் குறிகள். குறிக்கப்படுபவன் தலைவன். தாய் இக்குறிகளைத் தவறாக வாசித்து வேலனை அழைக்கிறாள். அவன் முருகு அணங்கியது என்கிறான். ஐங்குறுநூற்றிற் கபிலர் பாடிய வெறிப்பத்து முழுவதும் இத்தவறான நோயறிதலைச் சூழ்ந்து அமைந்ததே. நற்றிணையின் 34 ஆம் பாடலில், தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்தமைக்காக முருகனையே தோழி அறிவிலி என்கிறாள். பெண்ணுடலைப் பற்றிய அதிகாரமுடையோரின் விளக்கத்தை இத்துணைத் துணிவுடன் மறுக்கும் குரல் நமது பெருமைக்குரியது.

ஆயினும் இம்மறுப்பின் எல்லையையும் நாம் காணவேண்டும். வேலன் கூறிய காரணம் பொய். தோழி அறிந்த காரணம் மெய். காரணமே இல்லாத, அல்லது எவரும் அறியாத நோவு என்பதற்கு அவ்வுலகில் இடமில்லை. பெண்ணுடலின் வாட்டம் வேறொன்றின் குறியாகவே இருத்தல் வேண்டும் என்பதில் தாயும் வேலனும் தோழியும் புலவரும் ஒருமைப்பட்டவர்கள். உரையாசிரியர்களும், அவர் வழிவந்த நாமும் அவ்வாறே வாசிக்கப் பயின்றோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமரும் நடுவயதுப் பெண்ணைக் கதையொன்றிற் கண்டால், அந்நோவு எதனைக் குறிக்கிறது என வினவுகிறோமேயன்றி அது எவ்வாறு நோகிறது என வினவுவதில்லை. மனக்குழப்பம் எனத் தீர்ப்பளித்த மருத்துவரும் இதையொத்ததொரு வாசிப்பையே நிகழ்த்தினார் எனலாம்.

பருவம் பற்றிய மரபும் இதனோடு சேர்ந்தது. உலா இலக்கியம் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக மகளிரை ஏழு பருவத்தினராக வகுத்தது. பாட்டியல் மரபிற் பேரிளம்பெண்ணின் வயதெல்லை நாற்பது. வீதியில் வரும் தலைவனைக் கண்டு மயங்குதலே இவ்வேழு பருவத்தினர்க்கும் உரிய தொழிலாதலின், அத்தொழிலுக்கு உதவாத உடலுக்குப் பெயர் தேவைப்படவில்லை. மாதவிடாய் ஓய்வு பெரும்பாலார்க்கு நாற்பத்தைந்திற்கும் ஐம்பத்தைந்திற்கும் இடையே நிகழ்வது. அஃதாவது, இங்கு பேசப்படும் நோவு தொடங்கும்போது அப்பெண் உலாவின் பட்டியலிலிருந்து ஏலவே நீங்கிவிட்டாள். அதன் பின்னர் அவள் இலக்கியத்தில் தாயாக வரலாம், செவிலியாக வரலாம். பிறர் உடலைக் கவனிப்பவளாக வருவாளேயன்றித் தன்னுடல் உடையவளாக வருதல் அரிது.

மேலைத்தேயத்தார் இப்பிரச்சினையை அணுகிய முறையையும் ஒப்புநோக்கலாம். வேர்ஜீனியா வுல்ஃப் 1926 இல் நோயுறுதல் பற்றி எழுதிய கட்டுரையிலே, காதலையும் பெருந்துயரையும் பாட வல்ல ஆங்கில மொழி தலைவலியைக் கூற வகையற்றிருக்கிறது எனக் குறைப்பட்டார். தமிழுக்கு அக்குறை முழுமையாகப் பொருந்தாது. கடுப்பு, எரிவு, குத்து, உளைவு, குடைச்சல், இழுப்பு என நோவின் வகைகளை வேறுபடுத்தும் சொற்கள் நமது பேச்சிலும் நாட்டு வைத்தியத்திலும் நிறைய உள. நீர்க்கடுப்பு என்னும் ஒரு சொல்லே இடத்தையும் இயல்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சொல் இருந்தும் அது அச்சேறாமைக்குக் காரணம் மொழியின் வறுமை எனல் இயலாது. அச்சொற்களை உடையோர் எழுதுவோராக இல்லாமையும், எழுதுவோர் அவற்றை இழிந்தனவாகக் கருதியமையுமே காரணம்.

சூசன் சொன்ராக் 1978 இல் வெளியிட்ட நூலில், காசநோயையும் புற்றுநோயையும் உருவகங்களாக்கும் வழக்கத்தைக் கடிந்தார். காரணம் மர்மமாக இருக்கும் நோயே உருவகத்துக்கு இரையாகிறது என்பதும், காரணம் கண்டறியப்படும்போது உருவகம் உதிரும் என்பதும் அவரது வாதத்தின் சாரம். இவ்வாதம் வலிமையுடையது, எனினும் நம்பிக்கை முழுவதையும் நாளைய ஆய்வுகூடத்தின்மீது வைப்பது. ஆய்வுகூடம் பதில் கூறும்வரை நோவுறுபவள் என் செய்வாள்?

இவ்வினாவிற்கு ஹிலறி மன்ரல் 2003 இல் எழுதிய தன்வரலாறு ஒருவகையில் விடையாகிறது. அவரது இடுப்பறை நோவு மனநோயெனக் கொள்ளப்பட்டு, அதற்குரிய மருந்துகள் அவருக்குக் கொடுக்கப்பட்டன. எழுதவேண்டாம் என மனநல மருத்துவர் கூறியதும் உண்டு. பொற்ஸ்வானாவில் வாழ்ந்த காலத்தில் மருத்துவ நூலொன்றைப் படித்துத் தம் நோயைத் தாமே இனங்கண்டார். 27 வயதிற் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையால் மாதவிடாய் ஓய்வும் அவ்வயதிலேயே வந்துற்றது. அவருக்கு இறுதியிற் காரணம் கிடைத்தது. ஆனால் நோவு அத்துடன் முடியவில்லை. அந்நூலின் சிறப்பு, காரணம் அறிந்த பின்னர் எழுதப்பட்டதாயினும், அறியாதிருந்த ஆண்டுகளை அறிவின் ஒளியால் திருத்தி எழுதாமையே. நம்பப்படாமை என்பதனையும் நோவின் ஒரு பகுதியாகவே அவர் பதிவு செய்கிறார்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயின் முதலை நாடுமாறு பணிப்பதை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். ஆனால் அடுத்துவரும் குறள் உற்றவனின் அளவை முதலிலும் பிணியின் அளவை அதன் பின்னரும் வைக்கிறது. ஈற்றுக் குறளும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் உற்றவனையே முதலில் எண்ணுகிறது. நோய்முதல் அகப்படாதபோதும் உற்றவர் இருக்கிறார் என்பது இவ்வரிசையிலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள்.

திறனாய்வுக்கு இதிலிருந்து பெறப்படும் கடமை தெளிவானது. பொருள் காண்பது நமது தொழில். ஆயினும் பொருள் காண மறுக்கவேண்டிய இடமும் உண்டு. நடுவயதுப் பெண்ணொருத்தி தன் நோவை எழுதும்போது அதனைக் குடும்பத்தின் சிதைவாகவோ சமூகத்தின் குறியீடாகவோ உயர்த்திவிட விரைதல், அவள் கூறியதைக் கேளாமைக்கு ஒப்பாகும். இரவில் எத்தனைமுறை எழுந்தாள், எப்பயணத்தைத் தவிர்த்தாள், யாரிடம் எச்சொல்லாற் கூறினாள் என்னும் விவரங்களை அவற்றின் நிலையிலேயே மதிக்கும் வாசிப்பு வேண்டும். அகப்பாடல்களிலே தோழி காரணத்தை அறிந்தவளாதலின் அறத்தொடு நின்றாள். காரணம் எதுவும் அறியாத நிலையிலும் அறத்தொடு நிற்க இயலுமா என்பதே இன்றைய வாசகர்முன் உள்ள வினா.