பேசும் ஆசிரியரும் மூடிய நூலும்

அண்மையில் ஒரு நகரத்தின் இலக்கிய விழாவுக்கு, நம் கல்லூரியின் இறுதி வகுப்பு மாணவர் இருவருடன் சென்றிருந்தோம். கடலோர ஊரொன்றின் முஸ்லிம் வாழ்வை நாவலாக்கிய ஓர் எழுத்தாளரின் அமர்வே நம்மை அங்கு ஈர்த்தது. முப்பது ஆண்டுகள் பாங்கு சொன்ன மோதினார் ஒருவரின் குரல், ஒரு ஸுபுஹு வேளையில் எழாமற் போகிறது. அதன் பின்னர் அவர் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து, தம் இடத்துக்கு வந்த இளைஞனின் பாங்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அத்தியாயத்தை நாம் இருமுறை படித்தவர்கள். அது எப்படி உருவாயிற்று என ஆசிரியர் வாயிலாகவே அறிய விரும்பினோம்.

ஐம்பது நிமிட அமர்வு. நெறியாளர் கேட்ட முதல் வினா, "உங்கள் சமூகத்தில் இந்நூலுக்கு எதிர்ப்பு வந்ததா?" என்பது. அடுத்தது முத்தலாக் பற்றி. அதற்கடுத்தது தேர்தல் பற்றி. அவையிலிருந்து எழுந்த நம்மவர் ஒருவர், நம் வீட்டுக் குறைகளை ஊரறியச் சொல்வது தகுமா என்று சற்றுச் சினத்துடன் வினவினார். ஆசிரியர் எல்லாவற்றுக்கும் பொறுமையுடன் விடையளித்தார். நேரம் முடிந்தது, நூல் மேசைமீது மூடியே கிடந்தது. பேருந்தில் திரும்புகையில் மாணவருள் ஒருவர், "ஹஜ்ரத், மோதினாரைப் பற்றி யாருமே கேட்கவில்லையே" என்றார். அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இத்தகைய விழாக்களை வெறுப்போர் வரிசையில் நாம் இல்லை. 2006இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய விழா இந்திய நகரங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. 2016 முதல் கோழிக்கோட்டுக் கடற்கரையில் நடைபெறும் கேரள இலக்கிய விழா, பல்லாயிரம் இளைஞரை எழுத்தாளர்களின் முன் கொண்டுவந்து அமர்த்தியது. அந்நகரம் 2023இல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரமாக அறிவிக்கப்பட்டதில் அவ்விழாவைப் பற்றிய பேச்சுக்கும் இடமிருந்திருக்கும். தமிழக அரசும் 2022 இறுதியில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழாவையும், 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு திருவிழாவையும் நடத்தியது. இலக்கியம் சந்தைக்கு வந்துவிட்டதே என்று புலம்புவோருக்கு உக்காழை நினைவூட்டலாம். அது தோலும் பேரீச்சம்பழமும் விற்ற சந்தைதான். அங்கேதான் நாபிகாவுக்குச் செந்நிறத் தோல் கூடாரம் அடிக்கப்பட்டதாகவும், அஃஷாவும் ஹஸ்ஸானும் கன்ஸாவும் அவர்முன் பாடித் தீர்ப்புப் பெற்றதாகவும் ரிவாயத்துகள் கூறுகின்றன. எனவே கடைகளும் விளம்பரப் பதாகைகளும் நமக்கு உறுத்தவில்லை. ஆனால் நாபிகாவின் முன் கவிதை ஓதப்பட்டது. தீர்ப்பும் அந்தக் கவிதைக்கே கிடைத்தது. நம் விழா மேடைகளில் விடுபட்டுப்போனது அந்த ஓதுதல்தான்.

எழுதத் தெரிந்தவருக்குப் பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இம்மேடைகளின் எழுதப்படாத விதி. நகைச்சுவையுடன் உடனுக்குடன் விடையளிப்பவர் மறு ஆண்டும் அழைக்கப்படுகிறார். தயங்கிப் பேசுபவர் மறக்கப்படுகிறார். இந்த அளவுகோல் எத்துணைத் தவறானது என்பதற்கு, நாம் மத்ரஸாவில் ஓதிய 'மகாமாத்'தின் ஆசிரியரே சான்று. இப்னு கல்லிகான் (ரஹ்) அதை விரிவாகவே எழுதியுள்ளார். நாற்பது மகாமாக்களுடன் பஸ்ராவிலிருந்து பக்தாத் வந்த ஹரீரியிடம், இவை உம்முடையவை அல்ல, பஸ்ராவில் இறந்துபோன மேற்குலகத்தார் ஒருவருடையவை என்று சிலர் பழி சுமத்தினர். அமைச்சர் அவரைத் திவானுக்கு வரவழைத்தார். ஒரு நிகழ்ச்சியைக் குறித்துக் கொடுத்து அதுபற்றி எழுதுமாறு பணித்தார். ஹரீரி மையும் தாளுமாக ஒரு மூலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார், ஒன்றும் வரவில்லை. நாணத்துடன் எழுந்து சென்றார். சிந்திக்கும்போது தாடியைப் பிய்த்துக்கொள்ளும் அவருடைய வழக்கத்தைச் சுட்டி வசைக்கவி பாடினர். அவரோ ஊர் திரும்பி, மேலும் பத்து மகாமாக்களை இயற்றி அனுப்பினார். திவானில் தமக்கு நேர்ந்ததற்கு அவ்விடத்தின் கம்பீரம் தந்த அச்சமே காரணம் என்றார். இன்று நாம் ஓதும் ஐம்பது அப்படித்தான் நிறைவுற்றது. அந்தத் திவானில் இன்றைய நெறியாளர் ஒருவர் இருந்திருப்பின், ஹரீரிக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வந்திராது!

அதே ஹரீரியின் நூல் பக்தாதில் வேறொரு வகை அவையையும் கண்டது. கெய்ரோ தாருல் குதுபில் பாதுகாக்கப்படும் ஹி. 504ஆம் ஆண்டுப் பிரதியில், ஆசிரியரின் முன்னிலையில் நூல் வாசிக்கப்பட்டபோது உடனிருந்து கேட்டவர்களின் பெயர்கள் ஸமாஃ குறிப்பாகப் பதிவாகியுள்ளன. பல அமர்வுகளில் நூல் முழுதும் ஓதப்பட்டது. கேட்டவர் தம் பிரதியைத் திருத்திக்கொண்டார். ஆசிரியர் இஜாஸா அளித்தார். எழுநூறு பிரதிகளுக்கு ஹரீரி இவ்வாறு அனுமதி வழங்கியதாக யாகூத் கூறுகிறார். இதனை வெறும் புகழ்ச்சி அவை என எண்ணிவிட வேண்டாம். பின்னாளில் இப்னுல் கஷ்ஷாப் சொல் சொல்லாக ஹரீரியிடம் பிழை கண்டு எழுத, இப்னு பர்ரி சொல் சொல்லாக மறுத்தெழுதினார். சண்டை வலுவாகவே நடந்தது. ஆனால் நூலைத் திறந்துவைத்துக்கொண்டு நடந்தது.

மூடிய நூலால் எல்லா எழுத்தாளர்க்கும் இழப்பே. ஆயினும் முஸ்லிம் எழுத்தாளர்க்கு அது இருமடங்கு. அவர் மேடையேறும்போதே சமூகத்தின் சாட்சியாக ஏற்றப்படுகிறார். பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்' 2025 மே மாதம் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் சிறுகதைத் தொகுப்பு அதுவே. 1990 முதல் 2023 வரை கன்னடத்தில் எழுதப்பட்ட பன்னிரண்டு கதைகள் அதில் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தி, கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் பிரித்துக்காட்டாமல், அடிக்குறிப்பும் இடாமல் ஆங்கிலத்தின் நடுவே இயல்பாக விட்டிருக்கிறார். நம் இல்லங்களின் பேச்சை அறிந்தவர்க்கு இது எத்துணைப் பெரிய முடிவு! வாசகருக்காகச் சொல்லை விளக்குவதா, வாசகரைச் சொல்லிடம் வரச்செய்வதா என்பது, அரபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர் முதல் நம்மைத் தொடரும் வினா. அதைப்பற்றி ஒரு முழு அமர்வே பேசலாம். ஆனால் இத்தகைய எழுத்தாளர் எவரிடமும் எளிதாக எழும் வினா, முஸ்லிம் பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது என்பதுதான். அவர் கதை எழுதினார் என்பதே மறைந்து, வாக்குமூலம் தந்தார் என்றாகிவிடுகிறது.

நெறியாளரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. அவையில் சினந்தெழுந்த நம் சகோதரரும் நூலைத் திறந்தவராகத் தெரியவில்லை. ஒருவர் சமூகத்தைக் குறைகூறும் சாட்சியைத் தேடினார். மற்றவர் சமூகத்துக்காக வாதாடும் வக்கீலைத் தேடினார். நம் நூல் வெளியீட்டு விழாக்களிலோ பொன்னாடைகளுக்கே ஒரு மணி நேரம் கழிகிறது. வாழ்த்துரை வழங்குவோரில் பலர், நூலின் பெயரை அட்டையைப் பார்த்தே சொல்கின்றனர். இதை நாமும் செய்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் சீறாப்புராணம் படித்துப் பொருள் சொன்ன இரவுகளில், செய்யுள் முதலில் ஒலிக்கும். விளக்கம் பின்னரே வரும். 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரின் மேடையும் மக்கள் திரண்ட நகர மேடைதான். அங்கும் கேள்விகள் கவிதையையும் இலக்கணத்தையும் தொட்டே எழுந்தன. கூட்டம் அதனால் குறைந்துவிடவில்லை.

விழா அமைப்பாளர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஐம்பது நிமிடத்தில் இருபதை வாசிப்புக்கு ஒதுக்கட்டும். ஆசிரியருக்குக் குரல் வாய்க்காவிடில் வேறொருவர் வாசிக்கட்டும். நெறியாளரின் முதல் வினா வாசித்த பகுதியிலிருந்தே எழட்டும்.

அவர்கள் செய்யும்வரை காத்திராமல், நம் கல்லூரியின் வியாழன் இரவு மாணவர் மன்றத்தில் இதைத் தொடங்கினோம். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை எடுத்துக்கொண்டோம். முதல் இரவில் நான்கு பக்கமே நகர்ந்தது. குமரி மாவட்டத்து மாணவர் ஒருவர், தம் பாட்டி வழங்கும் சொல் ஒன்று அச்சில் வந்திருப்பதைக் கண்டு வாசிப்பை நிறுத்தினார். அதன் பொருளைத் தஞ்சாவூர் மாணவர் மறுத்தார். இஷாவுக்குப் பின் தொடங்கிய பேச்சு, விளக்கணைக்கும் மணி அடித்தும் முடியவில்லை.