மன்னிப்புக் கேட்கும் நாயகன்

தொலைக்காட்சி நாடகத் தொடர்களுள் பகைவராய்த் தொடங்கிக் காதலராய் முடியும் கதைகளின்மீது நம் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் கொண்டுள்ள மோகம் சிறிதன்று. விளக்கேற்றிய பின் லயத்து வழியே நடந்தால் வீட்டுக்கு வீடு அக்கதையே ஒலிக்கக் கேட்கலாம். ஒரு வீட்டில் கொரியத் தொடர்; அடுத்த வீட்டில் தமிழ் பேசும் இந்தித் தொடர். செல்வச் செருக்குடைய ஒருவன், அவனுக்கு அஞ்சாது வாய்திறக்கும் எளிய குடும்பத்துப் பெண், பல வாரம் சொற்போர், பின்னர்க் காதல். இதனைப் பித்து என்று நகைக்கும் படித்த அன்பர் பலர் உளர். நாமும் சில காலம் அவ்வாறு நகைத்தவரே. ஆயினும் நகைப்பது விமர்சனமாகாது. இத்துணை உள்ளங்களை இக்கதை ஏன் பிணிக்கிறது என்று காண வேண்டாமா?

'இஃது ஊடல்தானே? வள்ளுவரும் ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடன்றோ குறளை முடித்தார்?' என்பர் சிலர். பொருந்தாது. ஊடல் அன்புடையாரிடை நிகழ்வது. இங்கே தொடக்கத்தில் அன்பு ஏது? ஒருவரை ஒருவர் இழித்துரைத்த புண் ஒன்றே உள்ளது.

இவ்வகைக் கதைக்குத் தாய் போன்றது, ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவல். ஆங்கிலப் பள்ளியில் அதனைப் பரீட்சைக்காகப் படித்தோம், சுவை அறிந்தோமில்லை. 1995-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆறு பகுதி நாடகத்தைப் பின்னாளில் கண்டபோதே அந்நூல் நமக்கு விளங்கிற்று. ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய அந்நாடகத்தில் காலின் ஃபர்த் டார்ஸியாகவும், ஜெனிஃபர் ஈலி எலிசபெத்தாகவும் நடித்தனர்.

நடன மண்டபத்தில் டார்ஸி அவளது அழகைக் குறைத்துப் பேசுகிறான். அச்சொல் அவள் செவியிலேயே விழுகிறது. பின்னர் அவளை விரும்பத் தொடங்கியவன், மூன்றாம் பகுதியின் இறுதியில் மணம் வேண்டுகிறான். எப்படி வேண்டுகிறான்? உன் குடும்பம் தாழ்ந்தது, எனினும் என் மனத்தை அடக்க இயலவில்லை என்னும் பாங்கில் வேண்டுகிறான்! அவள் மறுத்துவிடுகிறாள். அக்காலத்து ஆங்கில நாட்டில் ஆண்டுக்குப் பதினாயிரம் பவுன் வருவாயுடைய ஒருவனை, சீதனமற்ற ஒரு பெண் மறுப்பது எளிதா? அன்று வாரம் ஒரு பகுதியாக அந்நாடகத்தைக் கண்டவர்கள், இம்மறுப்பைக் கேட்டபின் ஏழு நாள் பொறுத்திருந்தனர். நூலில் தாளைப் புரட்டினால் தீரும் வேதனையைத் தொடர் நாடகம் நீட்டி வைக்கிறது. இக்கலைக்குத் தனியே உரிய வலிமை இதுவென்போம்.

மறுநாள் அவன் ஒரு கடிதம் தருகிறான். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அக்கடிதம் ஒரு கணக்கு ஒப்புவித்தலாகவே தோன்றிற்று. இன்னதைச் செய்தேன், இன்ன காரணத்தால் செய்தேன் என்று மேலிருப்பவன் கீழிருப்பவளிடம் ஒப்புவிக்கிறான். விக்கம் என்பவனின் பொய்யை நம்பித் தானும் பிழைபட்டதை அவளும் உணர்ந்து நாணுகிறாள். மாற்றம் இருபாலும் நிகழ்வதே இக்கதையின் நேர்மை.

நான்காம் பகுதியில் டார்ஸி குளத்தில் நீராடி நனைந்த சட்டையோடு வரும் காட்சியைப் பற்றி உலகம் ஓயாது பேசிற்று. நாவலில் இல்லாத காட்சி அது. அதைக் காட்டிலும் நம்மைத் தொட்டது, அம்மாளிகையின் காரியங்களைப் பார்க்கும் முதியவளின் பேச்சு. நான்கு வயது முதல் அவனை அறிந்த அவள், தன் எசமானன் கடிந்து பேசியதேயில்லை என்று சான்றுரைக்கிறாள். எலிசபெத்தின் மனம் அங்கேதான் திரும்பத் தொடங்குகிறது. ஒருவனது குணத்துக்கு அவனிடம் வேலை செய்பவர் தரும் சாட்சியைவிடப் பெரிய சாட்சி யாது? (அப்பதினாயிரம் பவுனை விளைவித்த குடியானவர்களை மட்டும் அம்மையார் நம் கண்முன் நிறுத்தினாரில்லை. அது நமக்குக் குறையே.)

இனி, நம் இல்லங்களில் பெரிதும் பேசப்பட்ட 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' என்னும் 2009-ஆம் ஆண்டுக் கொரியத் தொடருக்கு வருவோம். ஜப்பானியரான யோகோ காமியோ வரைந்த சித்திரக்கதையே இதன் மூலம்; தைவான் நாட்டார் இதனையே 2001-ல் 'மீட்டியார் கார்டன்' என்று எடுத்தனர். சலவைக் கடைக்காரரின் மகள் ஜான்டி, செல்வர் பிள்ளைகளின் பள்ளிக்குச் செல்கிறாள். அங்கே ஜுன்பியோ என்னும் கோடீசுவரன் மகன் யாருக்குச் சிவப்புச் சீட்டு அனுப்புகிறானோ, அவரைப் பள்ளி முழுவதும் வதைக்கும். அவளுக்கும் சீட்டு வருகிறது. அவள் அவனை உதைக்கிறாள். அவ்வுதையே அவன் காதலுக்கு வித்தாகிறது.

அவ்வுதையைக் கண்டு நாமும் கைகொட்டினோம், மறைப்பானேன்? ஆனால் ஒரு பெண்ணிடம் உருகியதால் மட்டும் அவன் திருந்தியவனாவானா? முன்னர்ச் சிவப்புச் சீட்டுப் பெற்ற பிள்ளைகளுக்கு அவன் பட்ட கடன் என்னாயிற்று? காதல் வந்தது, கணக்கு முடிந்தது என்று தொடர் விரைகிறது. டார்ஸி கொடுத்த விலையை இவன் கொடுக்கவில்லை. இதனினும் இழிந்தவை, கொடுமையையே காதலின் அறிகுறியாகக் காட்டும் தொடர்கள். பசியாலும் உறக்கமின்மையாலும் மனைவியைப் பணிய வைக்கும் கதையை ஷேக்ஸ்பியரே 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ' என்று நாடகமாக்கினார். பெரும்புலவர் எழுதியதால் அது நன்றாகிவிடாது.

நம் மக்கள் இக்கதைகளில் தேடுவது முத்தக் காட்சியை அன்று என்பதே நம் துணிபு. மேலே இருப்பவன் இறங்கி வந்து, நான் தவறினேன் என்று சொல்லும் அந்த ஒரு காட்சிக்காகவே அவர்கள் பல வாரம் காத்திருக்கின்றனர். பிரட்டுக் களத்தில் அச்சொல்லைக் கேட்டவர் யார்? பட்டணத்துக் கடையில், ஆபீசில், மாமியார் வீட்டில் கேட்டவர் யார்?

இதனை நாம் பிறரைக் குறித்து மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகட்கு முன், சம்பள நாளன்று, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மாள் ஒருவர் நம் மேசைமுன் நின்று, தம் கணக்கில் மூன்று மூட்டை குறைகிறது என்றார். ஏட்டில் ஆறு என்றிருந்தது. அவர் ஒன்பது என்றார். வரிசையில் நின்றோர் அனைவரும் கேட்க, பொய் சொல்லலாகாது என்று அவரைக் கடிந்து அனுப்பினோம். மாலையில் மண்டோர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தோம். ஒன்பது. ஏட்டில் தவறாகப் பதிந்தது நம் கையே. அடுத்த மாதச் சம்பளத்தில் பணம் சேர்க்கப்பட்டது. அவரும் எண்ணிப் பார்த்து வாங்கிச் சென்றார். வரிசையில் நின்றோர் முன் சொன்ன சொல்லை மட்டும் நாம் திரும்பப் பெறவில்லை. கிராணி ஒருவர் அப்படிச் செய்வது வழக்கமில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

இவ்வாரமும் அந்த அம்மாளின் வீட்டில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் மழையில் நனைந்தபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். கதவு திறந்தே இருந்தது. நாம் அவ்வழியே நடந்து வந்துவிட்டோம்.