ஈனியட்டில் ஊழும் தலைமையும்

இலத்தீன் மொழியின் பெருங்காப்பியமாகிய ஈனியட்டை வர்ஜில் (கி.மு. 70–19) தம் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகளில் இயற்றி, முற்றத் திருத்துமுன் மறைந்தார். 12 காண்டங்களால் இயன்ற இந்நூலின் தலைவனாகிய ஈனியாஸை ஊழின் கைப்பாவை என்பாருளர். எரிந்த திராய் நகரினின்று நீங்கி, இத்தாலி சேர்ந்து, உரோமக் குடிக்கு வித்தாதல் அவனுக்கு முன்னரே வகுக்கப்பட்டது. எனவே அவன்பால் தலைமையைத் தேடுதல் வீண் என்பது அன்னார் கொள்கை. நூலின் உவமைகளை இயைத்து நோக்கின் இக்கொள்கை நில்லாது என்பதே எம் கருத்து.

ஊழ் என யாம் பெயர்க்கும் இலத்தீன் சொல்லுக்குச் 'சொல்லப்பட்டது' என்பது வேர்ப்பொருள். தமிழில் ஊழ் என்றவுடன் முன்வினைப் பயன் என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. அவ்வெண்ணத்தை ஈண்டு விலக்குதல் வேண்டும். ஈனியாஸ் படும் துன்பம் அவன் செய்த வினையின் விளைவன்று. இனிப் பிறக்கவிருக்கும் மக்களைக் குறித்துச் சொல்லப்பட்ட சொல்லை அவன் சுமக்கின்றான். திராயினின்று நீங்குங்கால் முதிய தந்தையைத் தோளில் ஏற்றினான். எட்டாம் காண்டத்தின் ஈற்றில், உரோமின் வருங்காலம் பொறித்த கேடயத்தை, அதன் பொருள் அறியாமலே தோளில் ஏற்றுகின்றான். முடிவு இன்னதெனச் சொல் அறிவிக்கும். சுமப்பவன் எத்தகையவன் ஆகின்றான் என்பதை உவமைகளே காட்டும்.

முதற் காண்டத்துப் புயலை நோக்குவோம். நெப்டியூன் கடலை அடக்கிய செயலுக்கு, கல்லும் கொள்ளியும் வீசும் கும்பலைக் கடமையுணர்வு மிக்க சான்றோர் ஒருவர் சொல்லாலேயே தணித்தலை வர்ஜில் உவமை கூறுகின்றார். மாந்தர் செயலுக்கு இயற்கையை உவமை கூறுதலே காப்பிய வழக்கு; ஈண்டு அது தலைகீழாயிற்று. நூலின் முதல் உவமை இதுவே. தலைமையின் இலக்கணம் இங்கே கூறப்பட்டுவிட்டது. ஆயின், இதற்குச் சற்று முன்னர்தான் ஈனியாஸ் உடல் குளிர்ந்து நடுங்கி, திராயிலேயே மாண்டிலமே என ஏங்கி அறிமுகமாகின்றான். கரையேறியபின் தோழர்க்கு நம்பிக்கையுரை கூறுங்கால், துயரை நெஞ்சுக்குள் அழுத்திக்கொள்கின்றான். சான்றோர்க்கு எளிதின் வந்த அமைதி இவனுக்கு முயன்று பெறும் பொருளாகின்றது.

நான்காம் காண்டத்தில், டைடோவின் பொருட்டு அவள் தங்கை வந்து இரப்பவும் அசையாத ஈனியாஸ், ஆல்ப்ஸ் மலைக் காற்று மோதும் முதிய ஓக்கு மரத்துக்கு ஒப்பாகின்றான். மரம் வீழவில்லை, இலைகள் உதிர்கின்றன. அடுத்து, கண்ணீர் வீணே வழிந்தது என்கின்றார் கவிஞர். யார் கண்ணீர் என்பதில் பண்டை உரைகாரர் காலந்தொட்டே கருத்து வேறுபாடு உண்டு. உதிரும் இலைகளை மறவாதார்க்கு அது ஈனியாஸின் கண்ணீர் என்பதே பொருத்தமாகப்படும்.

இன்னும் கூரியது மான் உவமை. காதலுற்ற டைடோவை, அம்பு தைத்துக் காட்டில் ஓடும் பெண்மானாகக் காட்டும் வர்ஜில், எய்த இடையன் அதனை அறியான் என்கின்றார். பன்னிரண்டாம் காண்டத்தில் பகைவன் டர்னஸ் மானாகின்றான். ஈனியாஸோ வாய் பிளந்து துரத்தும் வேட்டைநாய். அன்று அறியாது எய்தவன் இன்று அறிந்தே துரத்துகின்றான்.

இதனால் ஈற்றுக் காட்சி தெளிவுறும். தொடையிற் புண்பட்டு வீழ்ந்த டர்னஸ் தோல்வியை ஒப்பி, தன் முதிய தந்தையைச் சுட்டி இரக்கின்றான். பணிந்தாரைக் காத்தல் உரோமர் கடன் என ஆறாம் காண்டத்தில் தன் தந்தை உரைத்ததைக் கேட்டவன் ஈனியாஸ். அவன் கை தயங்குகின்றது. பகைவன் சொல் அவனை இளக்கத் தொடங்குகின்றது. அவ்வேளை, டர்னஸால் மாண்ட இளைஞன் பல்லாஸின் கச்சை கண்ணிற்படவே, சினம் மூண்டு வாளைப் பாய்ச்சுகின்றான். பல்லாஸின் தந்தை பழிவாங்க வேண்டியிருந்தமையின் இதுவும் கடமையே என்பாருளர். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. எனினும் கவிஞர் அவ்விடத்துக் கூறுவன வெறியும் சினமுமே. மைக்கேல் பட்னம் 1965-இல் வெளியிட்ட ஆய்வும் இச்சினத்துக்கே அழுத்தம் தருகின்றது. டர்னஸின் அழிவு அணுகியதை நூல் பன்முறை குறித்தது மெய்யே. ஆயின் அத்தயக்கத்தின்போது எத்தெய்வமும் வந்து பேசவில்லை. முதல் உவமையில் சினத்தை வென்ற சொல், ஈண்டுத் தோற்கின்றது. நகர் எழுந்த செய்தியின்றி, டர்னஸின் உயிர் வெகுண்டு நிழலுலகு சேர்தலோடு காப்பியம் நின்றுவிடுகின்றது.