மெலாந்தோ: ஒடிசியில் ஓர் அடிமைப் பெண்

ஹோமரின் ஒடிசியைப் பெண்பாத்திர நோக்கில் ஆராய்ந்தோர் பெரும்பாலும் பெனலோப்பியின் கற்பையும் சேர்சியின் மாயத்தையுமே பேசியுள்ளனர். அரண்மனை அடிமைப் பெண்கள் ஐம்பதின்மருள் ஒருத்தியான மெலாந்தோ, 18ஆம், 19ஆம் காண்டங்களில் இருமுறை வாய்திறந்து, இரவலன் வேடத்தில் வந்த ஒடிசியஸை ஏசிவிட்டு மறைகிறாள். நன்றிகெட்டவள் என அவளைக் கடந்துவிடுதல் எளிது. கவிஞரும் அதற்கே வழிசெய்கிறார். டோலியஸின் மகளான அவளைப் பெனலோப்பி தன் பிள்ளைபோல் வளர்த்தாள், விளையாட்டுப் பொருள்கள் கொடுத்தாள்; அவளோ தலைவிக்காக வருந்தாது யூரிமாக்கஸுடன் கூடினாள் என்கிறார்.

அவ்வுடல் யாருக்கு உரியது என நாம் வினவுதல் வேண்டும். முதற் காண்டத்தில் முதிய தாதி யூரிக்கிளியா பற்றி வருஞ் செய்தி இங்கு நோக்கற்பாலது. லேயர்ட்டஸ் அவளை இருபது எருதுகளின் பெறுமதி கொடுத்து வாங்கினான். மனைவியின் சினத்துக்கஞ்சி அவளோடு கூடவில்லை. இவ்விலக்கை எடுத்துக்கூற வேண்டியிருந்தமையே வழக்கம் யாதென்பதைக் காட்டுகிறது. அடிமையின் உடல் எசமானின் உடைமை. மெலாந்தோ மீறியது அவ்வுடைமை உரிமையையே.

22ஆம் காண்டத்தில் முரண்பாடு வெளிப்படையாகிறது. வில்லேந்தி நின்ற ஒடிசியஸ், 'என் பணிப்பெண்களை வலிந்து கூடினீர்கள்' என்ற கருத்துப்பட மணம் வேண்டி வந்த பிரபுக்கள்மீது குற்றஞ்சாட்டுகிறான். அவன் வாயாலேயே வலிந்து கூடப்பட்டவர் எனப்பட்ட பெண்களுள் பன்னிருவர் அன்றே கொல்லப்படுகின்றனர். அவர்களைக் காட்டிக்கொடுப்பவள் யூரிக்கிளியா, விலைக்கு வாங்கப்பட்ட அதே அடிமை. பிணங்களைச் சுமந்து, மேசைகளைக் கடற்பஞ்சினால் துடைத்த பின்னரே அவர்கள் சாகடிக்கப்படுகின்றனர். சாவதற்கு முன்னும் வேலை முடிந்தாக வேண்டும்! வாளால் வெட்டுமாறு தந்தை பணித்திருந்தும், தூய சாவு இவர்க்குத் தகாதெனக் கூறி டெலிமாக்கஸ் கப்பற் கயிற்றில் தூக்கிலிடுகிறான். வலையிற் சிக்கிய பறவைகளுக்கு அவர்களை ஒப்பிடும் கவிஞர், கால்கள் சிறிது நேரமே துடித்தன என்கிறார். அக்கணத்தில் அவருடைய பார்வை வெற்றிபெற்ற தலைவனை விட்டு விலகிவிட்டதென்றே நாம் கருதுகிறோம்.

டெலிமாக்கஸின் அக்கூற்றில் மூலம் பெண்பாற் சுட்டொன்றையே கொண்டிருக்க, ஆங்கில மொழிபெயர்ப்பாளர் சிலர் வேசையர் எனும் பொருளுடைய வசையைத் தாமே புகுத்தினர். எமிலி வில்சனின் 2017ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் அவ்வசை இல்லை. மூவாயிரம் ஆண்டு அளவான பழமையுடைய கதைக்கு எசமானரின் சொல்லை அண்மைக்காலத்தவர் இரவல் கொடுத்தமை வியப்பன்று. நம் உரையாசிரியரும் இதற்கு விலக்கல்லர்.

தூக்கிலிடப்பட்டோரிடையே மெலாந்தோவின் பெயர் கூறப்படவில்லை. அவளும் அப்பன்னிருவருள் ஒருத்தியென வாசகரே கொள்ளவேண்டியுள்ளது. 24ஆம் காண்டத்தில் டோலியஸ் என்னும் முதிய அடிமை தன் புதல்வருடன் வயலிலிருந்து வருகிறான். ஒடிசியஸின் கையைப் பற்றி முத்தமிடுகிறான். உடனிருந்து உண்டபின் அவனுக்காகப் படைக்கலமும் ஏந்துகிறான். இவன் மெலாந்தோவின் தந்தையே எனக் கொள்வதற்குப் பெயரொற்றுமை இடந்தருகிறது. மகளைப் பற்றி அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை.