டாம் ராபின்சன் தூக்கில் சாகவில்லை

2010இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைச் சட்டம் படிக்கும் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்பது வழக்கு. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் தகராறு. குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. இம்மாதிரித் தீர்மானங்கள் அரசியல் சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் விரோதமானவை, செல்லாதவை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதான எவருக்கும் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்து வாதாடும் உரிமை உண்டு என்கிறது 22(1)ஆம் பிரிவு. தீர்ப்பு சரி. எனக்குப் பேச்சு அதிலுள்ள ஒரு பத்தியைப் பற்றி.

வெறுக்கப்படுகிறவனுக்காக வாதாடிய வக்கீல்களின் வரிசையைச் சொல்லும்போது, 1960இல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலையும் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. வெள்ளை வக்கீல் ஆட்டிகஸ் ஃபின்ச்சைப் போற்றுகிறது. அவர் கட்சிக்காரரான கறுப்பர் தண்டிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டதாகவும் சொல்கிறது.

நாவலில் அப்படி இல்லை. டாம் ராபின்சன் தூக்கில் சாகவில்லை. சிறை வேலியேறித் தப்ப முயன்றபோது காவலர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். உடம்பில் பதினேழு குண்டு. ஒரு கை விளங்காத ஆள் அவன்.

நீதிபதிகளைக் குறை பிடிக்க இதை எழுதவில்லை. இப்படி மறக்கும்படித்தான் அந்த நாவலே இருக்கிறது. கதை சொல்வது வக்கீலின் மகள். டாம் விரிவாகப் பேசுவது சாட்சிக் கூண்டில் மட்டும். அவன் சாவும் யாரோ வந்து சொல்லும் சேதியாகத்தான் வருகிறது. வழக்கு தோற்றபின் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பர்கள் எல்லாரும் வக்கீலுக்காக எழுந்து நிற்கிறார்கள். வாசகரின் கண்ணீர் அந்த இடத்தில் கொட்டிவிடுகிறது. செத்தவனுக்கு மிச்சம் இல்லை. நம்ம சனம் எழுந்து நின்னு கும்பிட்டாத்தான் அவரு நல்லவருன்னு ஆகுது. இது நமக்குத் தெரியாத கதையா என்ன?

அதே அலபாமாவில் நிஜமாக நடந்ததைப் பார்ப்போம். 1931 மார்ச்சில் சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்து, இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாக வழக்குப் போட்டார்கள். ஸ்காட்ஸ்பரோவில் பன்னிரண்டே நாளில் விசாரணை. வக்கீல் யார் என்பது அன்று காலைவரை முடிவாகவில்லை. உள்ளூர் வக்கீல்கள் அத்தனை பேரையும் நியமித்ததாக நீதிபதி சொல்லிவிட்டார். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மிஞ்சியவன் பதின்மூன்று வயதுப் பையன். அவனுக்குச் சாவா ஆயுளா என்பதில்தான் ஜூரி ஒத்துப்போகவில்லை.

1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பேருக்கு ஒரு வக்கீல் போதாது, தயாரிக்க நேரமும் உண்மையான உதவியும் வேண்டும் என்றது. பின்னால் அந்தப் பெண்களில் ஒருத்தியே கூண்டில் ஏறி, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னாள். அப்போதும் வெள்ளை ஜூரி மரண தண்டனைதான் கொடுத்தது. ஜூரியில் கறுப்பரை ஒதுக்குவது செல்லாது என்ற தீர்ப்பு 1935இல் இதே வழக்கிலிருந்து வந்தது.

இங்கே யாரும் ஊமையாக இருக்கவில்லை. வீட்டுவேலை செய்து பிழைத்த ஏடா ரைட், இரண்டு மகன்கள் சிறையில் இருக்க, 1932இல் ஐரோப்பா முழுக்கப் போய்ப் பேசினார். ஹேவுட் பேட்டர்சன் சிறையிலேயே எழுத்துக் கற்று, 1948இல் தப்பி, 1950இல் தன் கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். கடைசி மூவருக்கு மன்னிப்பு வந்தது 2013இல். அப்போது ஒன்பது பேரில் ஒருவரும் உயிரோடில்லை.

நாவல் தருவது ஒரு வக்கீலின் பெருந்தன்மை. ஸ்காட்ஸ்பரோ தருவது ஒரு உரிமை. பெருந்தன்மை அவர் மனசைப் பொறுத்தது. உரிமை அப்படி இல்லை, கேட்டு வாங்கலாம், தராவிட்டால் சண்டை போடலாம்.

எங்க தெருவில் பொய்க்கேஸ் வந்தால், ஊர்க்காரங்களைப் பகைச்சுக்க முடியாதுன்னு டவுன் வக்கீல் கையை விரிச்சிடுவார். தீர்மானம் எதுவும் போட மாட்டார்கள். போடாமலே நடக்கும். ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 39ஏ பிரிவு 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் அப்படி வருகிற வக்கீல் வாய்தா வாங்கத்தானா, வழக்கை நடத்தவா என்று ஸ்காட்ஸ்பரோவிலிருந்து நாம் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு கசப்பு. கோயம்புத்தூர் தீர்மானம் தடுத்தது போலீசாரை. லாக்கப்பில் அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து வருகிற நமக்கு, அவனுக்கு எதுக்கு வக்கீல் என்றுதான் முதலில் வாயில் வரும். எனக்கும் வந்தது. ஆனால் சங்கம் கூடி ஒருவனுக்குக் கதவைச் சாத்தலாம் என்று நாம் ஒத்துக்கொண்டால், அந்தக் கதவு அடுத்து யார் முகத்தில் சாத்தப்படும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போலீஸ்காரனுக்கும் வக்கீல் உண்டு என்று நாமே சொல்வோம். அந்த வாயாலேயே டாம் ராபின்சன் எப்படிச் செத்தான் என்பதையும் திருத்திச் சொல்வோம்.